ஒரு நிமிடம் நிறுத்துங்கள்

மதியம் போடும் நாதஸ்வரத்தை யாருமே கேட்பதில்லை, அதை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டுப் போடலாம் என்றது கருத்துக்கணிப்பு. அது சரிதானா என்று பார்த்துவர வானொலி நிலையம் மெர்லினை உப்பளத்துக்கு அனுப்பியிருந்தது. கொட்டகைக் கம்பில், மஞ்சள் பைக்குள் ஒரு ரேடியோ தொங்கியது. அதில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. பாத்திகளில் பெண்கள் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"ரேடியோ கேக்கீங்களாக்கா?"

"கேக்கதுக்கு எங்கம்மா நேரம்?" என்றாள் கொட்டகையை ஒட்டிய பாத்தியில் வாரிக்கொண்டிருந்த சுடலைவடிவு, நிமிராமலே.

"அப்ப இதப் போட்டது யாரு?"

"தெனமும் யாராவது போட்டிருவாவ. அது பாட்டுக்குக் கெடக்கும்."

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. கணிப்பு சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். வெயிலில் நின்ற எரிச்சலில் மெர்லின் நிலையத்துக்குப் போன் போட்டாள். "சார், ஒரு நிமிஷம் ஒலிபரப்ப நிறுத்துங்க."

நாதஸ்வரம் அறுந்தது.

சுடலைவடிவின் பலகை பாதி இழுப்பில் நின்றது. பக்கத்துப் பாத்தியிலும் நின்றது. இந்த ரேடியோவின் சத்தம் எட்டவே எட்டாத தூரத்தில், வேறு வேறு கொட்டகைகளின் பக்கம், புள்ளி புள்ளியாகத் தெரிந்த பெண்கள்கூட நிமிர்ந்து நின்றார்கள். அந்த வெள்ளை நிலத்தில் கடல்வரைக்கும் ஒரு கை அசையவில்லை. இவ்வளவு நேரமும் பலகைகள் உப்பை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததே மெர்லினுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"போதுமாம்மா? போட்டுரலாமா?" என்று போனில் சார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சுடலைவடிவு வானத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, ஒரு சத்தமும் இல்லாத அந்த வெளியில், பயந்த குரலில் கேட்டாள்:

"யம்மா, அது என்ன சத்தம்?"