தொப்பிக்கு அடியில்

"தூங்கும்போதுகூடத் தொப்பியா மச்சான்?" என்று கல்யாணமான புதிதில் ஆரிபா கேட்டாள். "அது ஒரு பேணுதல் புள்ளே" என்றான் தாவூது. சைகோனில் கடை வைத்திருந்த மனுஷனுக்கு இத்தனை மார்க்கப்பற்றா என்று மூன்று வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்திருக்கிறாள்.

இப்போது கொல்லைக் கதவருகே அசையாமல் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அவன் சாத்திக்கொள்ளும் கதவு இன்று காற்றில் திறந்துவிட்டது. கிணற்றடி வெயிலில் தொப்பியில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையில் கண்ணாடி, மறுகையில் நறுக்கிய சின்ன வெங்காயம். நெற்றி இருபுறமும் மேலேறிப் போயிருக்கிறது; உச்சியில் உள்ளங்கையளவு வெறும் தோல். வெயில் படாத அந்த இடம் சங்கின் உட்புறம்போல மினுங்குகிறது. அதன் நடுவே ஒரு சின்ன மச்சம். கூடவே வாழ்ந்தும் தான் காணாத ஓரிடம் இவரிடம் இருந்திருக்கிறதே என்று அவளுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கண்ணாடியில் அவளைக் கண்டுவிடுகிறான். தொப்பிக்குப் போன கை பாதியில் நிற்கிறது.

"பேணுதல்னு சொன்னதெல்லாம் பொய் புள்ளே. அத்தாவுக்கும் இப்படித்தான். பரம்பரையா வர்றது, நிக்காதுன்னு சைகோன் டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. வெங்காயச்சாறு தேய்க்கிறேன், வருஷாவருஷம் கூடத்தான் செய்யுது. சிரிச்சுக்க."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்காருகிறாள். கைப்பிடித்த நாளிலிருந்து தொண்டை வரை வந்து திரும்பிய வார்த்தை வெளியே வருகிறது.

"உங்க தலைக்கு எண்ணெய் நான் தேய்ச்சு விடட்டுமா மச்சான்?"