துடைக்கப் போன கை

நேற்று வந்த மரப்பெட்டியை இப்போதுதான் திறந்திருக்கிறார்கள். அரசு மானியத்தில் ஊர் ஊராகப் போகும் முந்நூறு வருட ஓவியம். நூலகக் கூடத்தின் காற்றுக்குப் பழகட்டும் என்று ஒரு நாள் முழுக்க மூடியே கிடந்தது. அருங்காட்சியகத்திலிருந்து கூடவே வந்த பெண், வழியில் சேதமாகியிருக்கிறதா என்று பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கீறலாகச் சரிபார்க்கிறாள். டார்ச் பிடிப்பது கூடம் பெருக்கும் அக்கா. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில், ஓவியத்து ஆற்றின் நீலம் உழுத வயல்போல மேடும் பள்ளமுமாக எழுகிறது. "இங்க ஒரு முடி ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க," என்கிறாள் அக்கா. இருபது வருடப் பழக்கம். தோளில் கிடந்த துணி அதற்குள் கைக்கு வந்துவிடுகிறது. "ஐயோ, தொடாதீங்கக்கா!" அருங்காட்சியகப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறாள். இருவரும் மூச்சை அடக்கிக் குனிகிறார்கள். முடியின் பாதி நீலத்துக்குள் புதைந்திருக்கிறது. "தூசி இல்லக்கா. வரைஞ்சவரோட பிரஷ்லேருந்து விழுந்தது. பட்டியல்லயே இல்ல. பதினோரு ஊர் கொண்டுபோயிருக்கேன், என் கண்ணுலயே படல." அக்கா துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். "அவரு பார்த்திருந்தா எடுத்திருப்பாருல்ல?" "எடுத்திருப்பாரு." டார்ச் வெளிச்சம் அந்த ஒற்றை முடியை விட்டு நகரவில்லை. "அப்போ," அக்காவின் குரல் கிசுகிசுப்பாக இறங்குகிறது, "அவருகூட இதைப் பார்க்கலையா?"