எழுபத்தாறு பூஜ்யங்கள்

“எல்லாம் பொய் மேடம்! இந்த ஃபைல் மொத்தமும் பொய்!”

அன்புச்செல்வியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. பத்தொன்பது வருடங்களில் இந்த ஆஸ்பத்திரி மேனேஜர் அறைக்குள் அவள் பேசியதெல்லாம் “சரிங்க சார்” மட்டும்தான், அதுவும் கதவருகே நின்றபடி. இன்று யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் நாகேஷுக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய புகாரை விசாரிக்க பெங்களூரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஷோபாவின் பக்கம் ஃபைலைத் திருப்பி வைத்தார்.

“நோடி மேடம், இதைப் பாருங்க. எக்ஸ்ரே ரூம்ல இவங்க மேல எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு லேப் குடுத்த ரிப்போர்ட். மூணு மாசத்துக்கு ஒண்ணு. மொத்தம் எழுபத்தாறு. எழுபத்தாறுலயும் பூஜ்யம்.”

“யாரு சார் வந்து அளந்தா? ஒரு மெஷினாவது என் மேல வெச்சாங்களா? பூஜ்யமாம் பூஜ்யம்! அப்ப என் ரத்தத்துல வந்திருக்கறது இன்னா, ஜலதோஷமா?”

ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன டாக்டர், என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். “இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா கொஞ்சங் கொஞ்சமா இத்தனை வருஷம் பட்டிருந்தா வாய்ப்பு கூடும். எவ்வளவு பட்டுதுன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க.”

கேட்டாள். பூஜ்யம் என்றார்கள். நோயைக்கூட அவளால் தாங்க முடிந்தது. அந்தப் பூஜ்யத்தைத்தான் தாங்க முடியவில்லை. அத்தனை வருடம் அந்த அறைக்குள் அவள் இருக்கவே இல்லை என்பதுபோல.

“ஆயா வேலைக்கு வந்தவ மேடம் நான். டெக்னீஷியன் வேலையை விட்டு நின்னுட்டாரு, நீயே பட்டனை அமுத்துன்னாங்க. அழுவுற புள்ளைங்களைப் புடிச்சிக்கினு நானே நிப்பேன். கதிரைத் தடுக்கற ஈய ஏப்ரன் வெடிச்சுப் போச்சி, புதுசு குடுங்கன்னு ஆறு வருஷமா கேக்கறேன்.”

“பூஜ்யம் வர்ற எடத்துக்கு எதுக்கும்மா புது ஏப்ரன்?” என்றார் நாகேஷ். “டிரெய்னிங்கும் குடுத்திருக்கோம் மேடம். இதோ, இவங்க கையெழுத்து.”

“இங்கிலீஷ்ல எழுதி நீட்டுனீங்க, போட்டேன். எங்க நைனாவுக்கும் இப்படித்தான். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துல முப்பது வருஷம் பாறைத் தூளைத் தின்ன ஆளு. டிபின்னு எழுதி அனுப்புனாங்க. தூளுன்னு ஒருத்தரும் எழுதல. எனக்கும் அப்படியே எழுதி மூடிடலாம்னு பாக்கறீங்களா? இப்ப எக்ஸ்ரே ரூம்ல என் எடத்துல தென்றல் நிக்குது. இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. அதுக்கும் பூஜ்யந்தானே வருது?”

நாகேஷ் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷோபா பேனாவை எடுத்தாள். அன்புச்செல்வியின் நோய்க்கு வேலை காரணமாக இருக்கலாம் என்று எழுதுவதும், அந்த அறையைப் பூட்டச் சொல்வதும் அவள் கையில்தான் இருந்தது.

“உங்களுக்கு பேட்ஜ் குடுத்திருந்தாங்களாம்மா?”

“டோக்கனா? குடுத்தாங்களே.”

நாகேஷ் சிரித்தார். “நான்தான் மேடம் அப்படிச் சொல்லிக் குடுத்தேன். பேட்ஜ், டோஸ்னா இவங்களுக்கு எங்க புரியும்? மைன்ஸ்காரங்க பாருங்க, டோக்கன்னா டக்குனு புரிஞ்சிடும்.”

“தவறாம உபயோகிச்சீங்களாம்மா?”

“ஒரு நாளு, ஒரே ஒரு நாளு மறந்ததில்ல. மைன்ஸ்காரர் பொண்ணு மேடம் நானு. டோக்கன் விஷயத்துல எங்காளுங்க தப்பு பண்ண மாட்டாங்க. தென்றலுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

ஷோபாவின் முகம் வாடியது. “அப்படின்னா இந்த ரிப்போர்ட்டை நான் நம்பித்தான் ஆகணும். மன்னிச்சிடுங்கம்மா.”

சில நாள் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கலாமோ? அப்படித் தோன்றியதற்காகத் தன் மீதே அன்புச்செல்விக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னவள் எதற்குக் கூச வேண்டும்? எழுந்தாள்.

“எழுதறதுக்கு முன்னாடி அந்த ஏப்ரனையாவது ஒரு கண்ணு பாத்துட்டுப் போங்க மேடம். அதுவும் பொய்யான்னு பாத்துடலாம்.”

மூவரும் போனார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காத்திருந்தார்கள். விளக்கு அணைந்ததும், வீறிட்டு அழும் ஒரு குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு தென்றல் வெளியே வந்தாள். அவள் மேல் தொங்கிய ஏப்ரனில் வெடிப்புகள் வரி வரியாக ஓடின.

“ரெண்டு நிமிஷம்க்கா” என்று அன்புச்செல்வியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றினாள். நேராக வராந்தாவின் எதிர்ச்சுவருக்குப் போனாள். அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பேட்ஜ்களில் ஒன்றை எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டாள்.

ஷோபா அந்த பேட்ஜைக் காட்டினாள். “நீங்க உள்ள இருக்கறப்போ இது ஏன் இங்க தொங்குது? நெஞ்சுல இருந்தாதானே உங்க மேல பட்டதை இது அளக்கும்?”

“அளக்குமா?”

அன்புச்செல்வி மெதுவாக நாகேஷின் பக்கம் திரும்பினாள்.

“சுரங்கத்து ஷாஃப்ட்ல எறங்குறவங்க டோக்கனை வெளிய மாட்டிட்டுதானே சார் எறங்குவாங்க, உள்ள யாரு மாட்டிக்கினு இருக்காங்கன்னு மேல தெரியணும்னு? நான் கேட்டப்போ, இந்த ஆணியைக்கூட நீங்கதானே சார் அடிச்சுக் குடுத்தீங்க?”