ஸ்டீல் செயின்

“உனக்குப் புடிச்சதா எடு. வாங்கிக்கப் போறவ நீதானே?” என்றான் தம்பிதுரை.

பெண்டாட்டி விருப்பத்துக்கு இத்தனை மதிப்புக் கொடுக்கிற ஆளா என்று கோவை ஒப்பணக்கார வீதி வாட்ச் கடைக்காரர் லட்சுமிநாராயணனுக்கு மனசு குளிர்ந்தது.

தம்பிதுரைக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் குத்தகை. மழை, சேறு, வாய்க்கால் தண்ணி எல்லாம் தாங்குகிற டிஜிட்டல் வாட்ச் வேண்டுமாம். அலாரம், ஸ்டாப்வாட்ச், லைட் எல்லாம் இருக்க வேண்டுமாம். பழசு உடைந்துபோனதாம்.

எதில் உடைந்தது என்பது அவன் பெண்டாட்டி பத்மாவதி குனிந்து பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் கன்னத்தில் வாட்ச் செயினின் கண்ணிகள் வரிசையாகப் பதிந்து கன்றியிருந்தன. ‘வாங்கிக்கப் போறவ’ என்று அவன் சொன்னதற்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

அவள் ஒவ்வொரு வாட்சையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். “எத்தனை நேரம்டி?” என்று புறங்கையால் அவள் வாயில் ஓங்கி அடித்தான் தம்பிதுரை. உதடு கிழிந்து ஷோகேஸ் கண்ணாடியில் ரத்தம் சொட்டியது. எதுவுமே நடக்காதது போல, சிகரெட் பிடிக்க எதிர் டீக்கடைக்குப் போனான்.

லட்சுமிநாராயணனும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர். ரப்பர் பட்டை போட்ட ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இதை எடுத்துக்கங்க அம்மணி. பட்டாலும் அவ்வளவா நோகாது. அந்த ஸ்டீல் செயின் வேண்டாமுங்க. தாடையவே ஒடைச்சுப்போடும்.”

“ஒடைச்சுப்போடுமுங்களா?”

ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அவள் ஸ்டீல் செயினையே எடுத்தாள். புருஷனுக்கு எவ்வளவு பயந்திருந்தால் இப்படி எடுப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. பில் போடத் திரும்பிக்கொண்டார்.

பின்னால் செருப்புச் சத்தம். “இன்னுமா எடுக்கலே?” என்று தம்பிதுரை உறுமுவது கேட்டது. லட்சுமிநாராயணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மடேரென்று ஓர் அடி. ஷோகேஸ் நொறுங்கியது. யாரோ சரிந்து விழுந்து முனகினார்கள்.

அந்தப் பெண் செத்தே போனாளோ என்று பதறித் திரும்பினார். எதிரே பத்மாவதி நின்றுகொண்டிருந்தாள். ரத்தம் தெறித்த வலது மணிக்கட்டை அவரிடம் நீட்டினாள்.

“ரெண்டு கண்ணி கழட்டிக் குடுங்க. என்ற கைக்குத் தொளதொளங்குது.”