பூட்டுக் கச்சை

"உந்தக் கச்சையைக் கழட்டினால்தான் நான் மருந்து போடலாம், காணும்."

அப்போதிக்கரி குலசிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். ஊர்காவற்றுறை டிஸ்பென்சரிக்கு வைத்தியம் பார்க்க வர முதலும் நாலைந்து ஊர்களில் வேலை பார்த்தவர். இப்படி ஒன்றை எங்கும் கண்டதில்லை.

நாலு விரல் அகலத் தோல் கச்சை. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டி, கால்களுக்கிடையால் ஒரு வார். இரண்டும் தொப்புளுக்குக் கீழே சந்திக்கிற இடத்தில் ஒரு பித்தளைப் பூட்டு. பட்டியின் விளிம்பு நெடுகத் தோல் சிவந்து தடித்து, சில இடங்களில் நீர் கசிந்தது.

"எத்தினை நாளா?"

"புண் மூண்டு மாசம், ஐயா."

"நான் கேட்டது கச்சையை."

கட்டிலில் கிடந்த வைத்திலிங்கம், பக்கத்தில் தொங்கிய மறைப்புத் துணியைப் பார்த்தபடி சொன்னான். "கலியாணம் கட்டி, தெற்கிலை அம்பாந்தோட்டைக் கடைக்கு வேலைக்குப் போன நாளிலையிருந்து. எட்டு வரியம். வருசத்துக்கு ரெண்டு தரம் ஊருக்கு வரேக்கை மனிசி திறந்து விடுவா. முந்தின தோல் பழகிப்போச்சு. போன முறை மாமி புதுத் தோல் போடுவிச்சுத் தந்தவா, அது அறுக்குது."

"சாவி?"

"மனிசி வெளியிலை நிக்கிறா. அவவின்ரை தாலிக்கொடியிலை கிடக்கு."

மருந்துக் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாள் லியோன், "ஐயா, உந்தச் சங்கதி எங்கடை மனிசியின்ரை காதிலை விழாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான். குலசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். லியோன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

"ஐயா, கழட்ட வேண்டாம்" என்றான் வைத்திலிங்கம். "இடுக்காலை பூசி விடுங்கோ, போதும்."

"நீர் சும்மா கிடவும்."

குலசிங்கத்துக்குக் கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது. மறைப்புத் துணியை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்து, வெளியில் நின்ற மனிசியைக் கூப்பிட்டார்.

நல்லம்மா குடையைச் சுருக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தாள். புருசன் வருகிறார் என்று கடதாசி கிடைத்ததும் அனலைதீவிலிருந்து காலை வள்ளத்தில் வந்து காத்து நின்றவள். பஸ்ஸால் இறங்கியவர் காலை அகட்டி அகட்டி நடப்பதைக் கண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே கூட்டிவந்திருந்தாள்.

"கடையிலை மூட்டை தூக்கின பிடிப்பு எண்டு சொன்னார், ஐயா. என்ன வருத்தம்?"

"நீர் குடுத்த வருத்தம்தான் பிள்ளை, அந்த மனிசன்ரை இடுப்பிலை புண்ணாக் கிடக்கு. மாட்டுக்குக் கயிறு அறுத்தாலும் இளக்கிக் கட்டுவம். கட்டின புருசனுக்கு அந்த இரக்கமும் இல்லையோ?"

அவள் விழித்தாள். "கச்சையாலையோ புண்?"

"பின்னை? எட்டு வரியம் பூட்டி வைச்சால் பூவே பூக்கும்? சாவியை எடும். இல்லாட்டி அறுக்கிற வாளாலை அரிவன். இதை இப்பிடியே விட்டால் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஏத்தோணும். பிறகு பஸ் நிறைஞ்ச சனத்துக்கும் உங்கடை வீட்டுக் கதை தெரியவரும்."

நல்லம்மாவின் கை கழுத்துப் பக்கம் உயர்ந்தது. பாதியில் நின்று கீழே இறங்கியது.

"சாவி தேவையில்லை, ஐயா. இழுத்தால் வரும்."

"என்ன?"

அவள் மறைப்புத் துணியைப் பார்த்தாள். பிறகு சத்தத்தைக் குறைத்தாள்.

"எங்கடை அப்பு தெற்கிலை கடை வைச்சிருந்தவர். அங்கை அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது அவற்றை செத்த வீட்டிலைதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அம்மா அதுக்குப் பிறகு ஒருத்தரையும் நம்பிறேல்லை. உந்தக் கச்சையை அவாதான் செய்விச்சவா. இவர் வெளிக்கிட முதல்நாள் நான் ஒளிச்சுப் பூட்டைக் கொண்டுபோய்க் கொல்லனைக் கொண்டு உள்ளுக்கை அராவுவிச்சனான். அமத்தினால் சத்தம் கேக்கும். ஆனால் பூட்டாது."

"ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"பூட்டி வைச்ச மனிசனோடை என்னெண்டு சீவிக்கிறது? அம்மாவுக்குச் சத்தம் கேட்டால் போதும்தானே."

குலசிங்கம் மேசையிலிருந்த களிம்புக் குப்பியைக் கையில் எடுத்தார்.

"புருசனுக்குச் சொல்லேல்லையோ?"

"அம்மா பக்கத்திலை நிண்டவா. பிறகு கேக்க வெக்கம். இவர் முதல்நாளே இழுத்துப் பாத்துக் கழட்டி வைச்சிருப்பார், ஊருக்கு வரேக்கை மட்டும் அம்மாவுக்காகக் கட்டிக்கொண்டு வாறார் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "புண் வருமட்டும் கட்டியிருந்தவர் எண்டு எனக்குத் தெரியாது, ஐயா."

குலசிங்கம் திரும்பவும் மறைப்புக்குள்ளே போனார். பூட்டைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார். கையோடு வந்தது.

வைத்திலிங்கம் அதிசயப்படவில்லை. சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"உமக்கு இது முதலே தெரியுமோ, காணும்?"

"ஓம் ஐயா. போய் ஒரு கிழமையாலை கிணத்தடியிலை குளிக்கேக்கை பூட்டு கழண்டு விழுந்தது. எடுத்துப் பாத்தனான். உள்ளுக்கை அரம் போட்ட கோடு தெரிஞ்சுது. மாமி அப்பிடிச் செய்ய மாட்டா."

"விசரே உமக்கு? தெரிஞ்சுகொண்டும் ஏன் எட்டு வரியமாக் கட்டிக்கொண்டு திரிஞ்சனீர்?"

குலசிங்கம் களிம்பு பூசக் குனிந்தார். வைத்திலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தான்.

"அவ பூட்டாமல்தான் அனுப்பினவ எண்டு தெரிஞ்ச பிறகு, ஐயா, எப்பிடிக் கழட்டுறது?"