பௌர்ணமிக் கணக்கு

யோகராஜின் திட்டம் ஒரு நாளால் கவிழ்ந்தது.

திட்டம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிரெடிட் காட் கொடுத்த பேங்க் ஐந்து லட்சம் நீட்டியது. ஒரு வருஷத்துக்கு வட்டியில்லை. யோகராஜ் அதை வாங்கி இன்னொரு பேங்கில் நிலையான வைப்பில் போட்டான். அங்கே வரும் வட்டி இவனுக்கு. வருஷம் முடிந்ததும் முதலைத் திருப்பிக் கட்டிவிடலாம்.

"பேங்க் காசை பேங்குக்கே வட்டிக்கு விட்டிருக்கேன்" என்று கட்டுகஸ்தோட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தான். பக்கத்து வீட்டு பஹ்மி நானா ஹார்ட்வெயார் கடைக்காரர், மார்க்கப்படி வட்டி தொடாதவர். அவரைக் கண்டால் வாய் இன்னும் நீளும்.

"வட்டி வேணாம்னு பேங்குக்கு எழுதிக் குடுத்த ஒரே மனுஷன் நீங்கதான் நானா. உங்களை மியூசியத்துல வைக்கணும்."

பஹ்மி சிரிக்கவில்லை. ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

வைப்பு முதிரும் நாளும் கடன் கட்டும் நாளும் ஒன்றாக வர வேண்டும். நல்ல நாளாகவும் இருக்க வேண்டும். தெல்தோட்டைச் சாத்திரக்காரர் விரல் விட்டு எண்ணி, பௌர்ணமியில் முடிகிற மாதிரிக் கணித்துக் கொடுத்தார்.

பௌர்ணமி என்றால் போயா, புத்த விடுமுறை. போயா என்றால் பேங்க் பூட்டு. இந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சாத்திரக்காரருக்கு ராகு காலம் மட்டும்தான் தெரியும். யோகராஜுக்கு அதுவும் தெரியாது.

அந்தப் பௌர்ணமி விடிந்த பிறகுதான் விளங்கியது. வைப்புக் காசு நாளைக்குத்தான் கிடைக்கும். கடன் காசோ இன்றைக்கே கட்ட வேண்டும். தவறினால் முதல் நாளிலிருந்து வட்டி. லட்சத்துக்கு மேல்.

கிரெடிட் காட் பேங்குக்கு போன் போட்டான்.

"காசு போடுற மெஷின் திறந்துதானே இருக்கு சேர். போடுங்க" என்றாள் ஒரு பெண். வைத்துவிட்டாள்.

யோகராஜ் மனைவியின் கழுத்தைப் பார்த்தான்.

"அங்க பாக்காதீங்க" என்றாள் சுதர்சினி. "இது தாலிக்கொடி. பேங்க் குடுத்த காசில்ல."

"இன்னைக்குக் கட்டாட்டி நாளைக்கு அதுதான் அடகுக்குப் போகும்."

"அப்ப இன்னைக்கே போய்க் கட்டுங்க. சும்மா நின்னுகிட்டு கழுத்தப் பாக்குறாரு!"

கம்பளைக்குப் போன் போட்டான். சுதர்சினியின் அண்ணன் ராஜலிங்கம் மரக்கறி மொத்த வியாபாரி. கோயில் தர்மகர்த்தா வேறு.

"ஒரு நாளைக்குத்தானே மச்சான்? தர்றேன். வட்டி இருபத்தஞ்சாயிரம்."

"ஒரு நாளைக்கா?"

"தங்கச்சி வீட்டுக்காரர்னுதான் குறைச்சிருக்கேன்."

யோகராஜ் பல்லைக் கடித்தான். "சரி, தாங்க. இப்பவே வர்றேன்."

"இப்ப எதுக்கு வர்றீங்க? நாளைக்கு வாங்க. இன்னைக்கு பேங்க் பூட்டுத்தானே."

மிச்சம் ஒரே ஆள். பேங்க் பூட்டின நாளில் கடைக் காசு கடைக்காரர் கையில்தான் இருக்கும். யோகராஜ் பஹ்மியின் கடைக்குள் பாய்ந்தான். உள்ளே நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"நானா, அவசரம். அஞ்சு லட்சம் வேணும். நாளைக்கே தந்துருவேன். சும்மா வேணாம், பத்தாயிரம் வட்டி போட்டுத் தர்றேன்."

பைப் வாங்க வந்தவர் பைப்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"பெட்டியில காசு ஈக்கி" என்றார் பஹ்மி. "உங்களுக்கு இல்ல."

"பதினஞ்சாயிரம்?"

"கடைய விட்டு எறங்குங்க."

யோகராஜ் வீட்டுக்கு வந்து குதித்தான்.

"நோன்புக்கு நோன்பு கஞ்சி குடுத்து அனுப்புறாரு, பெரிய தர்மவான் மாதிரி! காசை வச்சுக்கிட்டே இல்லங்கிறான். இவனெல்லாம் ஒரு பக்கத்து வீடா?"

"நீங்க மியூசியத்துல வைக்கிறேன்னீங்க. அவரு கூப்பிட்டு விருந்தா வைப்பாரு?" என்றாள் சுதர்சினி.

பின்னேரம் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பஹ்மியின் மனைவி றமீஸா. கையில் புடவைக் கடைப் பை. சுதர்சினியிடம் திணித்தாள்.

"எண்ணிப் பாருங்க. அஞ்சு லட்சம். உங்கட ஆள் கடைப் பக்கம் வந்து ஒண்டும் கதைக்க வேணாம்."

போய்விட்டாள்.

யோகராஜ் பையோடு மெஷினுக்கு ஓடினான். காசைப் போட்டான். ரசீதுத் துண்டு வந்தது. மூச்சும் வந்தது.

"பாத்தியா சுதா? அந்தக் கல்நெஞ்சனுக்கு வாய்ச்ச பொம்பளைய! புருஷனுக்கு ஒளிச்சுக் கொண்டாந்து குடுத்திருக்கு."

மறுநாள் வைப்பை எடுத்தான். பஹ்மி வீட்டின் பின்கதவுக்குப் போனான். ஐந்து லட்சத்தை றமீஸாவிடம் கொடுத்தான். கூடவே ஒரு கவர்.

"இது என்னது?"

"பத்தாயிரம். வட்டியில்ல அக்கா. என் சந்தோஷம்."

"உங்கட சந்தோஷம் எங்களுக்கு ஹராம். எடுத்துட்டுப் போங்க."

யோகராஜ் குரலைத் தாழ்த்தினான். "நானாவுக்குத் தெரிஞ்சா ஏசுவாரே. பயமில்லையா அக்கா?"

றமீஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்களுக்குப் பைத்தியமா தம்பி? அஞ்சு லட்சத்துக்கு நான் எங்க போக? நாலு பேருக்கு முன்னால நீங்க வட்டின்னு வாயெடுத்தீங்க. அதுக்குப் பொறகு கடையில வச்சுக் குடுத்தா, இவர் வட்டிக்கு விடுறார்னு மடவளை வரைக்கும் கத போகும். அதுதான் பெட்டிச் சாவிய என்ட கையில தந்து, பின்கதவால கொண்டுபோகச் சென்னார்."

"யாரு?"

"மியூசியத்துல வைக்கணும்னீங்களே, அவர்தான்."

முன்பக்கக் கடைக்குள் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார் பஹ்மி.