மீசை வைத்த பையன்

லண்டன் ஸ்டூடியோவில் ஒரு நாள் சிறுபிராயத்தின் விலை இருபது பவுண்டு, சாப்பாடு உள்பட. மூன்றரை அடி உயர நடிகர் வில்ஃப்ரெட் அதைத்தான் முப்பது வருஷமாக விற்றுவருகிறார். படத்தில் சின்னப் பையன்கள் கூரையிலிருந்து விழவேண்டிய இடத்தில் அவர் விழுவார். இந்தத் தடவை தாத்தா வேஷம் கேட்டுப் பார்க்கலாமென்று ஆசையாக மீசை வளர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"அம்சமான மீசை," என்றார் டைரக்டர். "வழிச்சிட்டு வாங்க, கூரை தயார்."

"தாத்தா வேஷம் சார்... நான் நிஜத்திலேயே தாத்தா."

"நீங்க தாத்தாவாயிட்டா, பேரன் விழறதுக்கு நான் யாரைத் தேடுவேன்?"

"மீசையையாவது விட்டுடுங்களேன். கேமராவுக்கு என் முதுகுதானே தெரியப்போகுது?"

டைரக்டர் யோசித்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பக்கம் மட்டும் திரும்பிடாதீங்க."

வில்ஃப்ரெட் அரை டிராயரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். அவர் கணக்கில் இதுவரை பதினோரு பையன்கள் விழுந்து எழுந்து ஆளாகிவிட்டார்கள். அவர் முகம் மட்டும் இன்னும் திரையில் வரப் பாக்கி.